காலாவுக்கும் டிரவுட்டுக்கும் காட்டுக்கோழி இறகு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், இறகும் நூலும் கொண்டு ஃப்ளை (பூச்சிபோலவோ சின்ன மீன்போலவோ தோன்றும் பொய் இரை) கட்டி மீன் பிடிப்பது பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். கடலூர்ப் பக்கம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத கைத்தொழில் இது. இடம் கொடுத்ததற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் தேவையான பொருட்களின் பட்டியலில் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகையும் சேர்த்து, மலையோர ஊர்களில் சொல்லி வைத்தால் கிடைக்கும் என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கடலூர் முதுநகரில் மோட்டார் காயில் கட்டுபவன். இளவயதில் குன்னூரில், தேயிலைத் தொழிற்சாலை மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையில் இருந்தேன். அங்கே எஸ்டேட் ஃபிட்டர் ஒருவர், ஓய்வு நாளில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளுக்கு டிரவுட் என்னும் குளிர்நீர் மீன் பிடிக்கப் போவார். ஃப்ளை கட்ட அவர்தான் கற்றுக்கொடுத்தார். இன்றும் ஊட்டிக்குப் போகும் நண்பர்களுக்கும், உப்பனாற்று முகத்துவாரத்தில் காலாவுக்கும் கொடுவாவுக்கும் தூண்டில் போடும் பையன்களுக்கும் கட்டிக் கொடுக்கிறேன். உங்கள் இணைப்பு வந்த மறுநாளே அவர்களில் இரண்டு பேர் கடைக்கு வந்துவிட்டார்கள். "அண்ணே, கல்வராயன் மலைப் பக்கம் சொல்லி வைக்கலாமா? இறகோட ஒரு தோலுக்கு எவ்வளவு கேப்பாங்க?" படிக்கிற பிள்ளைகள். தப்பு என்று தெரிந்து கேட்கவில்லை. பேப்பரில் போட்டிருக்கிறது என்றுதான் கேட்டார்கள்.

சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவைத் தவிர வேறெந்த நாட்டுக் காட்டிலும் இல்லாத பறவை. அதன் அறிவியல் பெயரில் இருப்பவர், நம் பக்கத்து ஊரான புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சொன்னரா. சேவலின் கழுத்து இறகு ஒவ்வொன்றின் நுனியிலும் அரக்குச் சொட்டு விழுந்தாற்போல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளப்பான புள்ளி இருக்கும். ஃப்ளையின் இரு பக்கமும் வைத்துக் கட்டினால் சின்ன மீனின் கண்போலத் தெரியும். அந்த அழகே அதற்கு எமனாயிற்று. சால்மன் மீனுக்கு ஃப்ளை கட்ட, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் தோல் தோலாகப் போனது. 1902-லேயே பிரிட்டிஷ் இந்திய அரசு பறவை இறகு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இதை வேட்டையாடுவதும் விற்பதும் குற்றம். இன்று வெளிநாட்டில் விற்பனைக்கு வரும் இறகில் பெரும்பகுதி அங்கேயே பண்ணையில் வளர்த்த பறவையுடையது. நம் மலையில் சொல்லி வைத்தால் வருவது அப்படி வராது, கண்ணியில் சிக்கித்தான் வரும்.

இறகு ஆசை எதுவரை போகும் என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. 2009-இல் இங்கிலாந்தின் டிரிங் ஊரில், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைத் தொகுப்பிலிருந்து 299 தோல்கள் திருடு போயின. திருடியவர் புல்லாங்குழல் படித்த மாணவர், சால்மன் ஃப்ளை கட்டுவதில் பெயர் பெற்ற இளைஞர். நூற்றாண்டுக்கு முன் ஆய்வாளர்கள் காடுகளில் சேகரித்தவை அவை. எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுதிய சீட்டுகளைப் பல தோல்களிலிருந்து பிய்த்துவிட்டதால், திரும்பக் கிடைத்தவற்றிலும் பல ஆய்வுக்கு உதவாமல் போயின. அவரிடம் திறமைக்குக் குறைவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

சரி, அந்த இறகால் நம் மீனுக்கு என்ன லாபம்? அட்லாண்டிக் சால்மன் நம் நாட்டு ஆறுகளில் கிடையாது. முட்டையிட ஆறு ஏறும் அந்த மீன் வழியில் இரை தின்பதே இல்லை. அதைச் சீண்டிக் கவ்வ வைக்கத்தான் அத்தனை வண்ணம். கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கிறார்களே, அது நம்ம காலா. சால்மனுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. கலங்கிய தண்ணீரில் மார்புத் துடுப்புக்குக் கீழே தனித்து நீளும் இழைகளால் தடவித் தடவி இறாலும் பொடிமீனும் தேடும் மீன் அது. அதற்கு நான் கட்டுவது வெள்ளாட்டு வால் முடியில். முடியை மஞ்சள் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து, தூண்டில் முள்ளின் தலைப்பக்கம் கனமான மணி ஒன்றைச் சேர்த்துக் கட்டினால் போதும். இழுத்து விடும்போது தலை குனிந்து குனிந்து வரும். இறால் பின்னால் துள்ளுவது அப்படித்தான்.

கண் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கின்னிக்கோழி இறகில் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் இயற்கையாகவே உண்டு. நுனியில் ஒரே ஒரு புள்ளி மிஞ்சும்படி கத்தரித்து, நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லியதாகத் தடவி, இறகை நுனி நோக்கி இரண்டு விரலால் உருவி விடுங்கள். இழைகள் ஒட்டிக்கொண்டு ஒரே தகடாகிவிடும். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. கைநீட்டும் தூரத்தில் பார்த்தால் காட்டுக்கோழி இறகுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம்.

டிரவுட்டுக்கு அதுகூட வேண்டாம். அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிப்பகம் அமைத்து எச்.சி. வில்சன் நீலகிரி ஓடைகளில் நிலைபெறச் செய்தது ரெயின்போ டிரவுட். ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் அதன் சாப்பாடு தெரிந்துவிடும். தட்டையாக ஒட்டிக்கொண்டு ஓடும் பழுப்பு நிற மேஃப்ளை இளம்பூச்சிகள், மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டியிருக்கும் கேடிஸ் புழுக்கள். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர், ஃபெசன்ட் பறவையின் வால் இழையையும் செம்புக் கம்பியையும் மட்டும் வைத்து, நூலே இல்லாமல் ஒரு ஃப்ளை கட்டினார். உலகம் முழுக்க டிரவுட் பிடிப்பவர்களின் டப்பாவில் அது இருக்கும். நான் ஃபெசன்டுக்குப் பதில் பழுப்பு வான்கோழியின் வால் இழையைப் போடுகிறேன். 14-ஆம் எண் முள்ளில், என் பட்டறையில் கழிவாக விழும் 38 கேஜ் எனாமல் கம்பியை (மயிரிழை போன்ற செம்புக் கம்பி) சுற்றி, முன்பக்கம் கொஞ்சம் தடிமனாக்கிவிட்டு, இழைகளைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி ஏற்ற வேண்டும். முன்பகுதியில் இழையை முன்னும் பின்னுமாக மடித்து அழுத்தினால் கறுத்த திமில் வரும். பூச்சி சிறகு விரிக்கும் நேரம் நெருங்கும்போது அதன் முதுகில் சிறகு உறை அப்படித்தான் கறுத்துத் திரளும். டிரவுட் தேடுவது அதைத்தான்.

மேலே மிதக்கும் ஃப்ளை வேண்டுமானால், அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக்கூட்டம் ஓட்டி வருபவர்களைக் கேளுங்கள். கறிக்கு வெட்டும் வாத்தின் வால் மேட்டில், எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி இருக்கும் பஞ்சு போன்ற இறகை யாரும் சீண்டுவதில்லை. காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரில் அமிழாமல் நிற்கும் இறகு அது. சும்மாவே கொடுப்பார்கள்.

இந்த வேலையை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அதற்காகவே கேட்கிறேன். அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். காட்டுக்கோழி இறகை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று தெளிவாகச் சொல்லி, அந்த இடத்தில் கின்னிக்கோழி, வான்கோழி, வாத்து, வெள்ளாட்டு முடி என்று போட்டுவிடுங்கள். படம் தேவைப்பட்டால் கட்டி வைத்த ஃப்ளைகளை உங்கள் கடலூர் நிருபரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் வாசகன்,
கடலூர் முதுநகர்