கணினி அறைத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் பள்ளியின் கணினி அறைத் திருப்பணி முடிந்து, சாவி தலைமை ஆசிரியர் கைக்குப் போய்விட்டது. வரவு செலவுக் கணக்கைத் தணிக்கையாளர் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டார். ரசீதுக் கோப்பு பொதுக்குழு மேசையில் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். "கம்ப்யூட்டர் ரூமுக்குப் போய்த் திருப்பணியா?" என்று சிரித்தவர்கள் உண்டு. பெயர் வைத்தது முந்தைய குழு. நாங்கள் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

சொன்ன தேதியில் ஏன் முடியவில்லை என்பதைத்தான் எல்லாரும் கேட்கிறீர்கள். கணினிகளால் வந்த தாமதம் என்று நினைக்க வேண்டாம், எர்த்தால் வந்தது. முதலில் வயரிங் செய்தவர் எல்லாப் பிளக்கிலும் மூன்று துளை வைத்திருந்தார், மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லை. கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்ட ஆசிரியை ஒருவர் "சுள்ளுன்னு இழுக்குதே" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, துளி மின்சாரத்தை எர்த்துக்குத் தள்ளிவிடும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. போக வழி இல்லாவிட்டால் அது பெட்டியிலேயே தங்கிவிடும். பிள்ளைகள் தொடும் இடம், விட முடியுமா? பூசிய சுவரை மறுபடி உடைத்தோம். வேறு ஆளை வைத்து எர்த் குழி வெட்டி, கசிவு வந்தால் தானாக அணையும் பிரேக்கரும் போட்டோம். வேலை நடந்தபோது எங்களில் ஒருவர்கூட டெஸ்டரோடு போய் நிற்கவில்லை. அந்தக் குற்றம் குழுவினுடையது.

அந்த இடைவெளியில் ஒரு நல்லது நடந்தது. நியூசிலாந்துப் பேராசிரியர் டிம் பெல்லும் அவருடைய கூட்டாளிகளும், கணினியே இல்லாமல் கணினியியல் சொல்லித்தரும் விளையாட்டுகளை உருவாக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்றை ஆறாம் வகுப்பில் நடத்தினோம். 16, 8, 4, 2, 1 என்று புள்ளி போட்ட ஐந்து அட்டைகளை ஐந்து பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். புள்ளி தெரிந்தால் 1, திருப்பிப் பிடித்தால் 0. "19 காட்டுங்க" என்றால் 16, 2, 1 மட்டும் முகம் காட்டும், அதாவது 10011. இப்படி 31 வரை போகலாம். 32 கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "இன்னொரு ஆள் வேணும் சார், 32 புள்ளியோட" என்றாள். இதற்கு ஆன செலவு ஐந்து அட்டைதான் என்று எங்கள் பொருளாளர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நன்கொடையாக வந்த 20 கணினிகளும் எங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்தவை. அவற்றில் ஒன்று எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்றே காட்டியது. மூன்று நாள் கேபிளை மாற்றிப் பார்த்தோம், ரூட்டரைத் திட்டினோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரையின் மூலையைக் காட்டினான். தேதி 2009 என்று இருந்தது. உள்ளே சட்டைப் பொத்தான் போல ஒரு பேட்டரி உண்டு, சி.ஆர். 2032 என்பார்கள். அது செத்துப்போனால் கணினியின் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிடும். தளம் உண்மையானது என்று காட்டும் சான்றிதழ் எல்லாம் வருங்காலத் தேதியில் தரப்பட்டதாக அதற்குத் தோன்றும், நம்ப மறுக்கும். பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்திய அடுத்த நிமிடம் சரியாகிவிட்டது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்தக் கணினிகளில் கிடையாது. லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் போடுவதா, கடன் வாங்கியாவது புதிது எடுப்பதா என்று இரண்டு கூட்டம் முழுக்க வாக்குவாதம். லினக்ஸ் ஜெயித்தது. பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் மாட்டியதில், பாட வேளையில் கால்வாசியைத் தின்ற கணினிகள் வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் எழுந்துவிடுகின்றன. நெட் வராத நாளுக்காக, இணையம் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே இறக்கி வைத்திருக்கிறோம்.

போன் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டோம். தப்புக் கணக்கு. திரையை விரலால் தள்ளிப் பார்த்தவர்களைக்கூட விடுங்கள், ஃபைல் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியவில்லை. போனில் படம் 'கேலரியில்' இருக்கிறது, அது எந்த ஃபோல்டருக்குள் கிடக்கிறது என்று யாரும் தேடுவதில்லை. திங்கட்கிழமை ஒரு கணினியில் சேமித்ததைச் செவ்வாய்க்கிழமை வேறு கணினியில் தேடி அழுதவர்கள் உண்டு. ஒரு வகுப்பில் முடிப்பதாக இருந்த ஃபோல்டர் பாடம் நான்கு வகுப்பு இழுத்தது. உறுப்பினர் சிலர் இதை நேர விரயம் என்றார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தன் ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளைக்கு நிரல் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

தட்டச்சுக்குத் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையை எடுத்துக்கொண்டோம். உயிர் இடக்கை, மெய் வலக்கை என்று பிரிந்திருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்குச் சுலபம். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக வந்துவிடும், 'அம்மா' நாலே தட்டல். அதற்குப் பிறகு எட்டாம் வகுப்பு பைத்தான் என்ற நிரல் மொழிக்கு வந்தபோது ஒரு வேடிக்கை. 'பள்ளி' என்ற சொல்லின் நீளத்தைக் கணினியிடம் கேட்டால் 5 என்றது. "மூணு எழுத்துதானே, கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியலை" என்று வகுப்பே ஆர்ப்பரித்தது. ப, ள, புள்ளி, ள, இகரக் கொக்கி என்று, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறை தனித்தனியாக எண்ணுவதைக் கரும்பலகையில் பிரித்துப் போட்டுக் காட்டினார் ஆசிரியை. பேக்ஸ்பேஸ் அடித்தால் கொக்கி மட்டும் ஏன் போகிறது என்பதும் அன்றைக்கே விளங்கிவிட்டது.

ஏழாம் வகுப்புக்கு ஸ்கிராட்ச், கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் மொழி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2007-இல் வந்தது. முக்கோணம் வரையச் சொன்னோம். எல்லாரும் 60 பாகை திருப்பினார்கள், மூன்று கோட்டோடு அரை அறுகோணம் வந்து நின்றது. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஒருவனை நடக்கவிட்ட பிறகுதான், மூலையில் உடம்பு திரும்புவது 120 பாகை என்று பிடிபட்டது.

கடவுச்சொல், ஓ.டி.பி., அடுத்தவர் படத்தைப் பகிர்வது பற்றி ஆசிரியர்கள் தனி வகுப்பு எடுத்தார்கள். கடவுச்சொல்லை மானிட்டரில் ஒட்டி வைத்தவர்களில் குழு உறுப்பினர் ஒருவரும் உண்டு, பெயர் வேண்டாம்.

பாக்கி இரண்டு. உயிர் வராத இரு கணினிகளைப் பிரித்துப் பார்க்கும் மேசையில் வைத்துவிட்டோம், சொத்துப் பதிவேட்டில் அவற்றை நீக்கப் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும். அடுத்து, பாடம் எடுப்பது இப்போது ஒரே ஆசிரியை. அவர் விடுப்பு எடுத்தால் அறை பூட்டித்தான் கிடக்கிறது. இன்னொருவருக்குப் பயிற்சி கொடுக்க அறக்கட்டளைப் பணத்தைத் தொடலாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

யூ.பி.எஸ். பேட்டரி மாட்டிய தேதியை அதன் பக்கவாட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம். மூன்றாம் ஆண்டு முடியும்போது அடுத்த குழு ஒரு தடவை சோதித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு