99 சதவீதம் வெயில் நிற்கும் என்று ஒட்டிய கார் ஃபிலிம் குறித்த புகார்

அனுப்புநர்: உங்கள் வேலூர் கிளையில் ஃபிலிம் ஒட்டிய வாடிக்கையாளர், குடியாத்தம்
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா,

சென்ற ஏப்ரலில் 9,500 ரூபாய் கொடுத்து, என் காரின் பக்கக் கண்ணாடிகளுக்கும் பின்கண்ணாடிக்கும் உங்கள் ஃபிலிமை ஒட்டினேன். வாரம் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு வேலூர் கூட்டிப் போகிறேன். மதியம் மூன்று மணிக்குத் திரும்பும்போது கத்திரி வெயிலில் அவர் துவண்டுபோவதைப் பார்க்க முடியாமல் செய்த செலவு இது.

கடையில் உங்கள் ஊழியர் ஹீட் லேம்ப்பை எரியவிட்டு, நடுவில் ஃபிலிம் துண்டைப் பிடித்து, அம்மாவின் கையை அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார். "சூடே தெரியலையே" என்றார் அம்மா. "99 சதவீதம் நிக்கும்மா" என்றார் அவர். பத்து விநாடியில் வேறென்ன தெரியும்? சாயம் போட்ட ஃபிலிம் வெயிலை உறிஞ்சித் தானும் சூடேறி, கண்ணாடியையும் சூடாக்கி, அதில் ஒரு பங்கை உள்ளேயே விடுகிறது. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காரில் உட்புறக் கண்ணாடியைப் புறங்கையால் தொட்டேன். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு சீட் பெல்ட் கொக்கியையே பிடிக்க முடியவில்லை.

அப்புறம்தான் நீங்கள் கொடுத்த அட்டையை முழுதாகப் படித்தேன். 99 என்பது புற ஊதாக் கதிருக்கு. தோலுக்கும் சீட் துணிக்கும் அது நல்லதுதான், ஆனால் வெயிலின் சூட்டில் அதன் பங்கு மிகவும் சிறியது. பாதிக்கு மேற்பட்ட சூடு அகச்சிவப்புக் கதிரில் வருகிறது. மொத்த சூரிய வெப்பத்தில் எவ்வளவு தடுக்கும் என்பது அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது: 38. வெப்பத்துக்காக வந்தவரிடம் முதலில் சொல்ல வேண்டிய எண் அதுதானே?

இன்னொன்று. குடியாத்தம் வேலூருக்கு மேற்கே. காலையில் போகும்போதும் மதியம் திரும்பும்போதும் வெயில் முன்கண்ணாடி வழியாகத்தான் அடிக்கிறது. எந்த நேரத்தில், எந்தப் பக்கம் ஓட்டுவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இருட்டு மட்டும் குறைவில்லாமல் கிடைத்தது. பக்கக் கண்ணாடி குறைந்தது 50 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்கிறது மோட்டார் வாகன விதி. உங்கள் அட்டையிலேயே 20 என்று இருக்கிறது. இரவில் கண்ணாடியை இறக்காமல் ரிவர்ஸ் எடுக்க முடியவில்லை. போலீஸ் நிறுத்தினால் அபராதம் கட்டப்போவது நான்.

ஃபிலிமை உங்கள் செலவிலேயே உரித்து, பசையைச் சுத்தம் செய்து, பின்கண்ணாடியில் படியும் பனியைப் போக்கும் டிஃபாகர் கம்பி அறுந்துவிடாமல் காரை ஒப்படையுங்கள். 9,500 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். ரசீது, அட்டை இரண்டின் நகலையும் இணைத்துள்ளேன். 15 நாளில் பதில் வராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். செவ்வாயும் வெள்ளியும் அம்மாவுக்கு டயாலிசிஸ் என்பதால், வேறு நாளில் காரைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்