பிரேக் பெடல் பொதபொதவென்று போகிறது என்று எழுதியிருந்தாயே

சங்ககிரி
ஞாயிறு மாலை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. இங்கே அனைவரும் சுகம். உன் தங்கச்சி இன்னும் கால் மெஷினில்தான் தைக்கிறாள். மோட்டார் வைத்துத் தருகிறேன் என்றால், மிதித்துத் தைத்தால்தான் துணி பேச்சைக் கேட்கும் என்கிறாள். அவள் காலைப் பற்றிப் பின்னால் இன்னொரு சங்கதி வருகிறது.

நீ பழைய டாடா 407 லாரி வாங்கிய செய்தியை அவளிடம் சொன்னேன். “அண்ணன் ஓய்வெடுக்கப் போகிறேன் என்றாரே?” என்றாள். 1986-இல் டாடா அந்த வண்டியை இறக்கியபோது நாம் இருவரும் கிளீனர். அதன் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் போதும் என்று நீ அலைந்தது எனக்குத்தான் தெரியும். சரி, வாங்கிவிட்டாய். பலாவும் அன்னாசியும் ஏற்றிக் கொல்லிமலையிலிருந்து இறக்கப் போகிறாய் என்றால், 70 கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கைப் பற்றிப் பேசிவிடலாம்.

இத்தனை வருஷம் நீ ஓட்டியது ஏர் பிரேக். அங்கே காற்றுதான் வேலைக்காரன். இது ஆயில் பிரேக். ஆயிலை அமுக்கினால் அது சுருங்காது, நீ மிதித்த மிதி அப்படியே ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் வீல் சிலிண்டருக்குப் போய், பிரேக் ஷூவை விரித்து டிரம்மில் அழுத்தும். நடுவில் ஒரு கொப்புளம் காற்று இருந்தாலும் மிதியில் பாதி அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

ஆனால் பெடல் இறங்கினால் உடனே ‘ஏர் எடு’, அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்று, என்று பட்டறையில் சொல்வதை அப்படியே நம்பாதே. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை செட்டாக மாற்றச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய், அதையும் இப்போதைக்கு ஒத்திவை. வண்டி நிற்கட்டும், நீ பெடலை மட்டும் மிதித்துப் பார். முதல் மிதியில் ஆழமாகப் போய், விட்டு உடனே மிதித்தால் மேலேயே கெட்டியாக நின்றால், பெரும்பாலும் ஷூவின் மேலிருக்கும் லைனர் தேய்ந்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் அது தீராது. கால் வைத்ததும் பொதபொதவென்று, அடியில் ஸ்பிரிங் இருப்பதுபோல எதிர்த்துத் தள்ளினால் அது காற்று. கெட்டியாக நின்ற பெடல், காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் வேறு கதை. பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் குறையாமல் அப்படி இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது.

ஒழுக்கைத் தேட, பின்பக்கம் உள் டயரின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார். தூசி படிந்த ரப்பரில் ஈரக்கோடு ஒன்று வழிந்து, அதில் மண் அப்பியிருக்கும். டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ஓரத்து ரப்பர் மூடியை நகத்தால் லேசாக நெம்பு. உள்ளே ஈரம் திரண்டிருந்தால் அந்த சிலிண்டர் போயிற்று, லைனரும் நனைந்திருக்கும். டிரம் தூசியை மட்டும் கம்ப்ரஸரால் ஊதாதே. பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடு.

ஒழுக்கு எதுவும் இல்லையென்றால் முதல் வேலை ஷூவை அட்ஜஸ்ட் பண்ணுவது. தரை சமமாக இருக்கும் இடத்தில் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடு. ஜாக்கியில் தூக்கிய சக்கரத்துக்குக் கட்டாயம் ஸ்டாண்ட் கொடு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்களை நீயும் நானும் பார்த்திருக்கிறோம். சக்கரம் இறுகி நிற்கும்வரை ஷூ அட்ஜஸ்டரைத் திருகி, அப்புறம் லேசான உரசல் சத்தத்தோடு கையால் சுற்றும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். நான்கையும் முடித்துவிட்டுப் பெடலை மிதித்துப் பார். பாதி வண்டிகளில் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அதற்குப் பிறகும் பொதபொதப்பு இருந்தால் ஏர் எடுக்கலாம். இஞ்சின் ஆஃபில் இருக்கட்டும், பெடலை நாலைந்து முறை மிதித்து, மிதியை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவத்தைத் தீர்த்துவிடு. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கும் சக்கரத்தில் ஆரம்பிக்க வேண்டும். நம்ம ஊர் வண்டியில் அது பின்பக்கம் இடது, அப்புறம் பின் வலது, முன் இடது, கடைசியாக டிரைவர் பக்கம். பின் அச்சில் லோடு வால்வு இருக்கும் வண்டி என்றால் அச்சைத் தொங்கவிட்டு எடுக்காதே. வண்டியில் பாரமே இல்லை என்று அந்த வால்வு பின் லைனை அடக்கிவிடும், நீ மிதித்துக்கொண்டே இருப்பாய், ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

பழைய வண்டியில் நேரத்தை எல்லாம் விழுங்குவது, ஏர் எடுக்க வீல் சிலிண்டரில் திறக்கும் நிப்பிள்தான். முந்தைய நாள் இரவே துருப்பிடித்த அடியில் துரு நீக்கும் ஆயிலை விட்டுவை. ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும், சரியான அளவு ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும். திறப்பதற்கு முன் சுத்தியலால் தலையில் பொறுமையாகத் தட்டு. கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்திப் பார். முரட்டுத்தனமாகத் திருகி நிப்பிள் உள்ளே ஒடிந்தால் வீல் சிலிண்டரே புதிதாக வாங்க வேண்டியதுதான்.

நிப்பிள் முனையில் உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முழுக வை. டியூப் முனை எப்போதும் ஆயிலுக்குள்ளேயே இருக்க வேண்டும். இப்போது டிரைவர் சீட்டுக்கு ஆள் தேவை. இங்கேதான் உன் தங்கச்சி வருகிறாள். பையனை உட்கார வைத்தால் ஜிம்மில் இருப்பதுபோல உதைப்பான். வேகமாக மிதித்தால் காற்று சின்னச் சின்னக் குமிழாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும், பிறகு அது லேசில் வெளியே வராது. அவள் கால் மெஷின் மிதித்துப் பழகிய கால். ஒரே சீராக இறக்குவாள், பிடி என்றால் பிடித்தபடி இருப்பாள். ‘மிதி’ என்பேன், அவள் மிதித்து ‘பிடிச்சாச்சு’ என்ற பிறகுதான் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன். டியூபில் ஆயில் ஓடும், நடுவே வெள்ளைக் குமிழ்கள் சங்கிலியாகப் போகும். நிப்பிளை மூடிய பிறகுதான் ‘விடு’ என்பேன். முன்னாலேயே காலை எடுத்தால், வெளியே போன காற்று அதே வழியில் உள்ளே திரும்பிவிடும். ரெண்டு பேருக்கும் சண்டை வராமல் முடிகிற ஒரே வேலை எங்கள் வீட்டில் இதுதான்.

பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்துக்கொள், தரைவரை மிதிக்கவிடாதே. மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதிக்கு கப் இத்தனை வருஷம் போயே இருக்காது. அங்கே துருவும் அழுக்கும் படிந்திருக்கும், அதன்மேல் ரப்பர் ஏறி இறங்கினால் கிழிந்துவிடும். ‘நேத்து ஏர் எடுத்தேன், இன்னைக்கு மாஸ்டர் போயிருச்சு’ என்கிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான். மேலே டப்பாவில் ஆயில் பாதிக்குக் கீழே போகாமல் அவ்வப்போது ஊற்றிக்கொண்டே இரு. அது காலியானால் மறுபடியும் முதலிலிருந்து.

குமிழ் நின்றதும் நிறுத்திவிடாதே. பழைய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் வரும், அது தெளியும்வரை எடு. உன் மலைக்கு இதுதான் முக்கியம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. டப்பாவில் போட்டிருக்கும் தரம் டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் 3.7 சதவீதம் ஏறினால் அந்த எல்லை 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, 155. இறக்கத்தில் விடாமல் மிதித்து வந்தால் டிரம் சூடு வீல் சிலிண்டருக்கு ஏறி, ஆயிலிலிருக்கும் தண்ணீர் ஆவியாகும். ஆவியும் காற்று மாதிரிதான் சுருங்கும், பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். அடிவாரம் வந்து ஆறியதும் பெடல் பழையபடி மேலே வந்து நிற்கும். மெக்கானிக் பார்த்துவிட்டு ‘ஒன்னும் இல்லையே’ என்பான். பெடல் கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது லைனர் சூடேறி வழுக்குவது. அதற்கு ஆயிலை மாற்றிப் பயனில்லை, கியரைக் குறைத்துத்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று இஞ்சினை ஆஃப் செய்து இறக்கும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடு. வாக்குவம் பம்ப் சுற்றவில்லை என்றால் நாலு மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

ஆயில் சீல் உடைக்காத டப்பாவாக இருக்கட்டும். பாட்டிலில் பிடித்ததைத் திரும்ப ஊற்றாதே, கிணற்றுப் பக்கமும் கொட்டாதே. பெயின்ட் மேல் பட்டால் உரிந்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவு. பாகங்களை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுகிற ஆள் வந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. ரெண்டில் எது பட்டாலும் பிரேக் ரப்பர் ஊதிப்போகும்.

முடிந்ததும் நிப்பிள்களுக்கு ரப்பர் மூடி போட்டு, பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்துக்கொண்டு எங்காவது ஒழுகுகிறதா என்று யாரையாவது நான்கு சக்கரத்தையும் பார்க்கச் சொல். பிறகு ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி, ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்.

வண்டியின் தகுதிச் சான்றுக்கு, எஃப்.சி.க்கு, இன்னும் நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், அதனால் அவசரப்படாதே. அடுத்த ஞாயிறு மெதுவாக ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிட முடியுமானால் வா. பிரேக் நம்பும்படி இல்லையென்றால் சொல்லு, நானும் உன் தங்கச்சியும் பஸ் ஏறி சேந்தமங்கலம் வந்துவிடுகிறோம். அத்தையையும் பார்த்தமாதிரி இருக்கும். ரிங் ஸ்பேனர் செட் உன்னிடம் இருக்கிறதா என்று மட்டும் போனில் சொல். என்னுடையதை மருமகன் எடுத்துக்கொண்டு போய் மூணு மாசமாகிறது, கேட்கவும் முடியவில்லை.

அன்புடன்
உன் மச்சான்