அளந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: சொகுசு கார் உற்பத்தியாளருக்கு ஒரு திறந்த மடல்

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினருக்கும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கும்,

வணக்கம். உங்கள் சொகுசு கார் ஒன்றை ஓட்டி வருகிறேன். இன்ஜினிலோ இருக்கையிலோ எனக்குக் குறை எதுவும் இல்லை. குறையெல்லாம் பிரேக்கில்தான். நெடுஞ்சாலை வேகத்தில் மெல்ல பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, பெடல் பாதத்தில் துடிக்கிறது. வேகம் குறையக் குறைய அடங்கிவிடுகிறது. சர்வீஸ் சென்டரில் சொன்னால், பக்கத்துத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து "ஒன்றும் தெரியவில்லையே" என்கிறார்கள். தெருவில் போகிற வேகத்தில் எப்படித் தெரியும்?

வற்புறுத்திய பிறகு முன்சக்கரங்களோடு சுழலும் பிரேக் தட்டுகளான டிஸ்க்குகளையும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் பேடுகளையும் மாற்றிக் கொடுத்தார்கள். தேய்கிற பாகம், வாரண்டியில் வராது என்று செலவை என் தலையில் கட்டினார்கள். சில மாதங்கள் நன்றாக ஓடியது. பிறகு அதே உதறல். இந்த முறை கிடைத்த பதில்: "கனமான வண்டி, அப்படித்தான் இருக்கும். நீங்கள் பிரேக் பிடிக்கிற விதமும் காரணமாக இருக்கலாம்."

கனமான வண்டிதான், மறுக்கவில்லை. 2,400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க, சுமார் 13 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் கரைய வேண்டும். முழுக்க பிரேக்கால் நிறுத்தினால் அதில் பெரும்பகுதி டிஸ்க்குகளில் சூடாக இறங்கும். இந்தக் கணக்கெல்லாம் போட்டுத்தானே டிஸ்க்கின் விட்டத்தையும் தடிமனையும் முடிவு செய்தீர்கள்? எடையைக் கூட்டியது நீங்கள். அதைத் தாங்குகிற பிரேக்கைக் கொடுக்க வேண்டியதும் நீங்கள்தான்.

இப்படி உதறினால் டிஸ்க் வளைந்துவிட்டது என்று பணிமனைகளில் சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது வளைவதே இல்லை. டிஸ்க்கும் சக்கரமும் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் படிந்த துருவைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க்கை மாட்டினால், அது இம்மியளவு சாய்ந்து உட்காரும். பிரேக் பிடிக்காத நேரத்திலும், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடில் உரசிக்கொண்டே போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிறகு அந்த இடம் மட்டும் மெலிந்திருக்கும். தடிமனில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே உதறல் தெரியக்கூடும். சக்கர போல்ட்டுகளை, குறித்த அளவு இறுக்கத்தில் முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஏர் கன்னால் ஏற்றத்தாழ்வாக முடுக்கினாலும் இதே கதைதான். புது டிஸ்க் போட்டும் சில மாதத்தில் உதறல் திரும்பியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை உங்கள் தரப்பில் யாரும் தரவில்லை.

இரண்டாவது முறை சக்கரத்தைக் கழற்றியபோது நான் பக்கத்திலேயே நின்றேன். டிஸ்க்கை எடுத்ததும் ஹப்பில் துரு செதில் செதிலாகத் தெரிந்தது. நுண்ணிய சாய்வை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தாலே தெரிந்துவிடும் என்றார் மேற்பார்வையாளர். 0.02 மில்லிமீட்டர் எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

இதை வெறும் வசதிக்குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். உதறுகிற பெடலை யாரும் முழு பலத்தோடு மிதிக்கமாட்டார்கள், கால் தானாகத் தயங்கும். 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி தயங்கினால் கார் 33 மீட்டர் முன்னால் போயிருக்கும். என் வீட்டில் இப்போது இந்த காரை நெடுஞ்சாலைக்கு எடுக்கவே பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது.

புது கார் கேட்கவில்லை. டிஸ்க் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹப்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சாய்வையும், டிஸ்க்கில் பல இடங்களில் தடிமனையும் அளந்து, நீங்கள் அனுமதிக்கும் வரம்போடு சேர்த்து ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். உரிமையாளரை அருகில் உட்காரவைத்து, உதறல் வரும் வேகத்திலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தவறாகப் பொருத்தியதால் டிஸ்க் வீணானால் அந்தச் செலவை நீங்கள் ஏற்க வேண்டும். எல்லாம் வரம்புக்குள்தான் என்றால், அதையும் எண்களோடு எழுத்தில் கொடுங்கள்.

நீங்கள் சொல்கிற நாளில் காரைக் கொண்டுவருகிறேன். டயல் கேஜும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் அங்கே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கார் உரிமையாளர் ஒருவர்