கேள்விகளை எண்ணினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

எத்தனை கேள்வி, எத்தனை நாள் வருகை, எத்தனை தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) என்று எண்களை அடுக்கி நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தரம் பிரிக்கும் பழக்கம் பெருகிவருகிறது. ஐந்தொகையை (இருப்புநிலைக் கணக்கை) மட்டும் பார்த்துக் கடையின் நிலையைச் சொல்லிவிடுவது செட்டிநாட்டு வழக்கமல்ல. பேரேட்டையும் புரட்ட வேண்டும்.

போருக்குப் பிந்தைய பிரிட்டனின் ஃபென்னர் பிராக்வேயைப் பாருங்கள். கல்கத்தாவில் பிறந்தவர், 1950 முதல் 1964 வரை ஈட்டன்–ஸ்லவ் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர். நிறபேதத்தைத் தடைசெய்யும் மசோதாவை 1956 தொடங்கி 9 முறை கொண்டுவந்தார். ஒன்றுகூட நிறைவேறவில்லை. 1964 தேர்தலில் 11 வாக்குகளில் தோற்றார். மறு ஆண்டே அரசு இன உறவுச் சட்டத்தை இயற்றியது. அதுவும் அரைகுறைதான், வேலைவாய்ப்பும் வீட்டுவசதியும் 1968-இல்தான் முறையாகச் சேர்ந்தன. எண்ணிக்கைப்படி பிராக்வேயின் கணக்கில் பூஜ்யம்!

மசோதாக்கள் தோற்றது அவருடைய திறமைக் குறைவால் அல்ல. பிரிட்டன் மக்களவையின் பத்து நிமிட விதியின்கீழ், மசோதா கொண்டுவரும் ஒருவர் பத்து நிமிடம் பேசலாம். எதிர்ப்பவர் ஒருவருக்கும் பத்து நிமிடம். வென்றாலும் கிடைப்பது மசோதாவை அறிமுகம் செய்யும் அனுமதி மட்டுமே. பிறகு தனிநபர் மசோதாக்களுக்கான வெள்ளிக்கிழமை வரிசையில், குலுக்கலில் பெயர் வந்த உறுப்பினர்களின் மசோதாக்களுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். பொழுது முடியும் வேளையில் ஒரே ஒருவர் 'எதிர்க்கிறேன்' என்று குரல் கொடுத்தாலே அன்றைக்கு அது நகராது. பேசியே நேரத்தைக் கடத்துபவரை நிறுத்த 100 பேர் ஆதரவாக வாக்களிக்க வேண்டும்; வெள்ளிக்கிழமையோ பலர் தொகுதிக்குப் போய்விடுவார்கள். மரண தண்டனை ஒழிப்புக்காகப் போராடிய சிட்னி சில்வர்மேனின் மசோதா 1956-இல் பிரபுக்கள் அவையில் விழுந்தது. 1965-இல் நிறைவேறியதற்குக் காரணம், அரசே அவை நேரத்தை ஒதுக்கியது.

அவைக் குறிப்பான ஹான்சர்டைப் புரட்டுவோர் சறுக்கும் இடங்களும் உண்டு. அதில் எண் பக்கத்துக்கு அல்ல, நெடும்பத்திக்கு (column). ஒரு பக்கத்தில் இரண்டு நெடும்பத்திகள். வாய்மொழிப் பதிலுக்கு முறை வராத கேள்விகள் எழுத்துமூலப் பதில்களோடு போய்ச் சேரும். நிலைக்குழு விவாதங்கள் தனித் தொகுதிகளில் இருக்கின்றன. மசோதாவின் சொல்லுக்குச் சொல் நடந்த சண்டை அங்கேதான் கிடைக்கும். வாக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆள் வரவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. வாக்கு எண்ணும் உறுப்பினர்களின் பெயர் தனியாக அச்சாகும். எதிர்க்கட்சியில் ஒருவரோடு சோடி சேர்ந்து இருவரும் ஒதுங்கியிருக்கவும் கூடும். முக்கியமாக, அமைச்சரின் பதிலைத் தொடர்ந்து அவையிலேயே எழுப்பப்படும் துணைக் கேள்விகளைப் படிக்க வேண்டும். முதல் பதில் அதிகாரிகள் எழுதிக் கொடுத்தது. அமைச்சர் தடுமாறுவது துணைக் கேள்வியில்தான். பர்மாவில் விட்டுவந்த நிலங்களைப் பற்றி ஆராயும் நம் பகுதியினர், 1947 நவம்பர் 5-ஆம் தேதி பர்மா சுதந்திர மசோதா மீது நடந்த விவாதத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

இந்தியாவிலும் கதை அதுதான். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது, சட்டமாகவில்லை. 2019-இல் அரசு தன் மசோதாவைச் சட்டமாக்கியது.

எனவே சிவகங்கைத் தொகுதி உறுப்பினரின் பணியைத் தாங்கள் வெளியிடும்போது, எண்ணிக்கையோடு கேள்வியின் பொருள், தேதி, அமைச்சர் தந்த பதில், அதன்பின் ஆணை ஏதும் பிறந்ததா என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி