வார்டுக்கு வரட்டும் மருந்தாளுநர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளின் பி செல் வகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே நோயைத் தாக்கும் சிகிச்சை) மருந்துகளில் ஒன்று பிளினட்டுமோமாப். ஒரு சுற்றுக்கு 28 நாள், இரவு பகல் நிற்காமல் பம்பில் ஓட வேண்டிய மருந்து இது. இதைக் கவுண்டரில் எடுத்துக் கொடுப்பதோடு மருந்தாளுநரின் வேலை முடிந்துவிடக் கூடாது.

45 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு உடல் பரப்பை வைத்தே அளவு. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம்; நோய் திரும்பிய குழந்தைக்கு முதல் வாரம் 5 தான். 20 கிலோ எடை, 115 செ.மீ. உயரம் என்றால் பரப்பு 0.8 சதுர மீட்டர், ஆக, நாளுக்கு 12 மைக்ரோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவை இன்னொருவர் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கலப்பதிலும் வரிசை உண்டு. 270 மி.லி. சலைன் பையில் முதலில் 5.5 மி.லி. ஸ்டெபிலைசர் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து பையிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும். குப்பியிலுள்ள பொடியைக் கரைக்க ஸ்டெபிலைசரை எடுக்கக் கூடாது, ஸ்டெரைல் வாட்டர்தான். குலுக்கினால் நுரைக்கும், மெல்லச் சுழற்ற வேண்டும்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது ஃப்ளஷ். மற்ற ட்ரிப்ஸ் முடிந்ததும் குழாயில் சலைன் தள்ளுவது வார்டில் கைப்பழக்கம். இங்கே அது ஆபத்து. மணிக்கு 5 மி.லி. ஓடும் குழாயில் 5 மி.லி. தங்கியிருந்தால், ஒரு மணி நேர மருந்து சில நொடியில் உடலுக்குள் போய்விடும். காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு, வலிப்பு வரை போகலாம். பை மாற்றும்போதும் ஃப்ளஷ் கூடாது. புதுக் குழாயை நிரப்புவதும் சலைனால் அல்ல, மருந்துக் கரைசலால்தான். இதை எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, பை மாற்றும் நேரத்தில் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வேலூரில் பல குடும்பங்கள் லாட்ஜில் தங்கித்தான் வைத்தியம் பார்க்கின்றன. பம்போடு அங்கே போகும் குழந்தைக்கு உடம்பு சுட்டால், பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். கை நடுங்கினாலும் பேச்சு குழறினாலும் அப்படியே. முதல் சுற்றில் பம்ப் 4 மணி நேரமோ அதற்கு மேலோ நின்றுவிட்டால், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்த பிறகே மறுபடி தொடங்க வேண்டும். இதையெல்லாம் பெற்றோருக்குத் தமிழிலும் தெலுங்கிலும் வங்காளத்திலும் பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டாமா?

ஆறாண்டு பார்ம்.டி. (டாக்டர் ஆஃப் பார்மசி) படிப்பு இந்தியாவில் 2008-லேயே வந்துவிட்டது. படித்தவர்கள் இருக்கிறார்கள். இச்சிகிச்சை தரும் மருத்துவமனைகள் குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்கென்று ஒரு கிளினிக்கல் பார்மசிஸ்டை நியமித்து, இரவிலும் பெற்றோர் அழைக்க ஒரு தொலைபேசி எண் தர வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்