திரைக்கு மேலே கிரீடம், கீழே சலங்கை

நகரிக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கர்ண மோட்சம் கூத்து நோட்டீசுக்கு நான் வரைந்த படத்தைப் பார்க்கிறவர்களெல்லாம் பாராட்டுகிறீர்கள். அதில் பெரும்பங்கு சேர வேண்டியவர்கள் வேறு சிலர்.

முதலில் எங்கள் கூத்து வாத்தியார். மண்ணில் புதைந்த தேர்ச்சக்கரம், கர்ணன் மார்பில் அம்பு, மேலே சூரியன் என்று பத்து நாள் உழைத்து வரைந்து கொண்டுபோனேன். நிதானமாகப் பார்த்தார். "நல்லா இருக்குது நைனா. ஆனா நம்ம ஆட்டத்துல தேர் ஏது?" என்றார். கூத்தில் இருப்பது ஒரு பெஞ்சும், பின்னால் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணையும்தான். தேரும் போர்க்களமும் ஆடுகிறவர் காலிலும் குரலிலும் வரவேண்டும். நான் வரைந்தது பாரதக் கதை, ஆட்டம் அதில் இல்லை.

அவரோடு போய் விடிய விடிய உட்கார்ந்தேன். கர்ணன் வருகிற நேரம் இரண்டு பேர் திரையைப் பிடித்தார்கள். உள்ளிருந்தே பாட்டு எழும்புகிறது. நமக்குத் தெரிவது மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கைக் கால், அவ்வளவுதான். தூங்கிப்போன பிள்ளைகளை அம்மாக்கள் தட்டி எழுப்பினார்கள். என் படம் அங்கேதான் கிடைத்தது.

வேடம் கட்டுகிற மாமா கிரீடத்தையும், தோளில் கட்டுகிற புஜகீர்த்தியையும் என் கையில் கொடுத்தார். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்தவை. அத்தனை அகலம், ஆனால் கனமே இல்லை. அதுவரை தங்கம்போல இறுக்கமாகப் போட்ட கோடுகளையெல்லாம் அழித்துவிட்டேன்.

கைக்காசுக்குச் சிவப்பு, கருப்பு இரண்டு நிறம்தான் கட்டுபடியானது. "கண்ணாடிக்கு நிறம் எதுக்கு? தாள் வெள்ளையை அப்படியே விட்டுடு" என்றார் அச்சகத்து அண்ணன். நோட்டீசில் மின்னுவது அவர் யோசனை.

தெலுங்கு வரிகளை எழுதித் தந்த பக்கத்துத் தெரு டீச்சரம்மாவுக்குத் தனி நன்றி. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நகரி ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. பாரதம் கேட்க இன்றும் இரண்டு பக்கத்து ஜனமும்தான் வருகிறது. இரண்டு எழுத்தும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்.

மாமா, பாதம் வரைவதற்காக வாங்கிவந்த சலங்கை இன்னும் என் மேசையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை, ஒப்பனைக்கு உட்காரும் முன்னே கொண்டுவந்து தந்துவிடுகிறேன்.